தற்காலிகப் போதனாசிரியை மார்கிரட்

மார்கிரட்டுக்குக் கிடைத்த முதல் நியமனம் ஒரு வருடத்துக்கு மட்டுமே. வருட முடிவில் அதை இன்னும் ஒரு வருடம் நீட்டினார்கள். பிறகு இன்னும் ஒன்று. அப்படியே நீட்டி நீட்டி, சேர்ந்தபோது இருபத்தொன்பது வயதாக இருந்தவளுக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. அதற்குள் அவளிடம் படித்த பிள்ளைகளில் சிலர் பாடசாலை அதிபராகிவிட்டார்கள். அவள் மட்டும் தற்காலிகப் போதனாசிரியையாகவே இருந்தாள்.

குண்டசாலைப் பக்கம் மலைச்சரிவில் கட்டியெழுப்பிய அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம். அதில் எழுத்துத் துறை என்று ஒன்று இருந்தது. எந்தப் பீடத்துக்கு வருகிற பிள்ளையானாலும் முதல் வருடத்தில் அங்கே வந்து, கட்டுரை எழுதவும் அறிக்கை எழுதவும், வாசித்ததைத் தன் சொந்த வசனத்தில் சொல்லவும் பழகவேண்டும். துறையின் மேல்மாடியில் நிரந்தர விரிவுரையாளர்களுக்குத் தனித்தனி அறைகள், கதவில் பெயர்ப்பலகை. கீழே ஒரே நீண்ட அறையில் தற்காலிகப் போதனாசிரியர்கள். பெரிய மண்டபத்தில் வாரம் ஒருமுறை நடக்கும் விரிவுரை மேலே இருப்பவர்களுடையது. அதற்குப் பிறகு வருகிற குழு வகுப்புகள், கட்டுக்கட்டாகக் குவியும் கட்டுரைகள், ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் உட்காரவைத்துத் திருத்துவது எல்லாம் கீழே இருப்பவர்களுடையவை.

மார்கிரட்டுக்கு அந்தக் கீழறை வேலைதான் பிடித்தது. அதுதான் அவளுக்கு வினையாகவும் போயிற்று.

அவள் பிறந்தது நாவலப்பிட்டிக்கு அருகே ஒரு தோட்டத்தில். தகப்பன் தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கர். கன்னியாஸ்திரிகளின் பாடசாலையில் படித்து, பட்டம் எடுத்து, கிறிஸ்ரியைக் கலியாணம் செய்து அம்பிட்டியவுக்கு வந்தாள். கிறிஸ்ரிக்குக் கண்டி நகரில் ஒரு மருந்துக் கடையில் வேலை. மலைச்சரிவில் இரண்டு அறை வீடு. பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இருவரும் ஒரு காலத்தில் நிறையப் பேசினார்கள். பிறகு பேசுவதை விட்டுவிட்டார்கள்.

வகுப்பில் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கட்டுரையைக் கையில் வாங்கியதும் சிவப்புப் பேனாவை எடுக்கமாட்டாள். எழுதிய பிள்ளையையே உரத்து வாசிக்கச் சொல்வாள். பன்வில தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை, “எனது ஊர் இயற்கை எழில் கொஞ்சும் பச்சைக் கம்பளம்” என்று தொடங்கி வாசித்தாள். மார்கிரட் முடியும்வரை கேட்டுவிட்டு, “இத உங்க அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினா என்ன சொல்வாங்க?” என்று கேட்டாள்.

பிள்ளை யோசித்தது. “எந்த ஊரப் பத்தி எழுதியிருக்கனு கேப்பாங்க, மிஸ்.”

“அப்ப அம்மாவுக்குத் தெரிஞ்ச ஊர எழுதிட்டு வாங்க.”

அடுத்த கிழமை அந்தப் பிள்ளை கொழுந்து நிறுக்கும் இடத்தில் மழை நாளில் நடக்கிற வாக்குவாதத்தை எழுதிக்கொண்டு வந்தது. மார்கிரட் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் கிறிஸ்ரிக்கு வாசித்துக் காட்டினாள். அப்படி எத்தனையோ பிள்ளைகளின் கட்டுரைகளை அவன் கேட்டிருக்கிறான். துறையில் யார் நல்ல விரிவுரையாளர் என்று அவனுக்குத் தெரியாது. எந்தப் பிள்ளை நன்றாக எழுதும் என்று தெரியும்.

துறைத்தலைவராக இருந்தவர் பேராசிரியர் மயில்வாகனம். யாழ்ப்பாணத்து மனிதர். கோபப்படத் தெரியாதவர், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். மார்கிரட்டின் வகுப்புகளைப் பற்றி மாணவர்கள் சொல்வதைக் கேட்டு, ஒவ்வொரு தவணையும் அவளுக்கு ஒரு குழு கூட்டிக் கொடுப்பார். வேறு யாரும் எடுக்க விரும்பாத விஞ்ஞான பீடத்துக் குழுவும் அவளிடமே வரும்.

“பிள்ளை, நீர் இல்லாட்டி இந்தத் துறை ஓடாது,” என்பார். “நிரந்தர இடம் ஒண்டு வரத்தான் போகுது. வந்தால் அது உமக்குத்தான். நான் பாத்துக்கொள்ளுறன்.”

அவர் பொய் சொன்னார் என்று மார்கிரட் ஒருநாளும் நினைத்ததில்லை. சொல்லும்போது அவர் அதை முழுக்க நம்பித்தான் சொன்னார்.

மார்கிரட் சேர்ந்து மூன்று வருடம் கழித்து ஜஹானா வந்தாள். வயதில் ஐந்து வருடம் இளையவள். கட்டுகஸ்தோட்டைக்காரி. வாப்பாவுக்குக் கண்டி நகரில் புடவைக் கடை. முதல் நாள் வகுப்பு முடித்துவிட்டுக் கீழே வந்து, கதிரையில் பொத்தென்று உட்கார்ந்து, “என்ட வாயெல்லாம் காஞ்சி போச்சி. ஒரு புள்ளயும் கேக்கல்ல,” என்றாள். மார்கிரட் தன் போத்தலில் இருந்த தண்ணீரை நீட்டினாள். “நீங்க கொஞ்சமாப் பேசுங்க. அவங்களப் பேச விடுங்க,” என்றாள். அன்று தொடங்கிய சிநேகிதம்.

நீண்ட அறையின் கோடியில் இருந்த மேசை அவர்கள் இருவருக்கும் பொதுவானது. ஒரு பக்கம் மார்கிரட், மறுபக்கம் ஜஹானா, நடுவில் திருத்த வேண்டிய தாள்கள். நோன்பு மாதத்தில் மார்கிரட் தன் சோற்றுப் பார்சலை கன்டீனுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுவாள். “இங்கயே தின்னுங்க அக்கா, எனக்கு ஒண்டுமில்ல,” என்று ஜஹானா எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டாள். பெருநாளைக்கு அடுத்த வேலை நாளில் வட்டிலப்பம் வரும். கிறிஸ்மஸுக்குப் பிறகு கேக் போகும். மார்கிரட்டின் தகப்பன் இறந்தபோது நாவலப்பிட்டிவரை ரயிலில் வந்து, பிரேதம் எடுக்கும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் ஜஹானா.

இருவரும் ஒரே வருடத்தில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிந்தார்கள். அந்தப் பட்டம் இல்லாமல் நிரந்தர விரிவுரையாளராக முடியாது என்பது விதி. மலையகப் பிள்ளைகள் எழுதும்போது அவர்களுடைய பேச்சுத்தமிழ் எங்கே உள்ளே வருகிறது, எங்கே பயந்து ஒதுங்குகிறது என்பது மார்கிரட்டின் ஆய்வு. அவளுக்கு மேற்பார்வையாளர் மயில்வாகனம். ஜஹானாவுக்குக் கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியை.

முதல் இரண்டு அத்தியாயங்களை மார்கிரட் வேகமாக எழுதினாள். மூன்றாவதைப் பேராசிரியரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். கேட்கும்போதெல்லாம் அவர், “உம்முடைய அத்தியாயம் மேசையிலதான் கிடக்கு. இந்தக் கிழமை கட்டாயம் பாக்கிறன்,” என்பார். அவருக்கும் வேலை. பீடக் கூட்டங்கள், கொழும்புப் பயணங்கள். மார்கிரட்டுக்கோ குழுவுக்கு மேல் குழு. ஒரு வருடம் போயிற்று. அடுத்த வருடமும் பாதி போயிற்று. நெருக்கிக் கேட்க அவளுக்குக் கூச்சம். தன்னை நல்லவள் என்று சொல்கிற மனிதரிடம் எப்படி நெருக்குவது?

அந்தச் சமயத்தில்தான் ஜஹானா கர்ப்பமானாள். ஆய்வை முடிப்பதற்குக் கொடுத்திருந்த கடைசித் தவணையும் அதே மாதங்களில் வந்தது. ஒருநாள் தாள்களுக்கு நடுவே தலையை வைத்து அழுதாள்.

“எனக்கு ரெண்டும் ஏலா அக்கா. தீசிஸ விட்டுடுறன். புள்ளயப் பெத்துட்டுப் பாக்கலாம்.”

“விடாதீங்க,” என்றாள் மார்கிரட். “விட்டா அப்புறம் எடுக்க மாட்டீங்க. உங்க குறூப் ரெண்டையும் நான் பாத்துக்கிறேன்.”

“உங்கட எழுத்து?”

“என்னோட அத்தியாயம் சார்கிட்டத்தானே இருக்கு. அவர் தர்ற வரைக்கும் நான் என்ன செய்யப் போறேன்?”

அவள் அதை ஒரு தியாகமாக எண்ணிச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அதுதான் நியாயமாகப் பட்டது. தன் குழுக்களோடு ஜஹானாவின் குழுக்களையும் சேர்த்து எடுத்தாள். கண்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தால் மடியில் வைத்துத் திருத்துவாள். கிடைக்காவிட்டால் அம்பிட்டியவில் சமையல் முடித்து, குசினி மேசையில் வைத்துத் திருத்துவாள். ஜஹானா ஆய்வை ஒப்படைத்துவிட்டு வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். கொஞ்ச நாளில் ஸனா பிறந்தாள். மார்கிரட் குழந்தைக்கு ஒரு சோடி தங்கத் தோடு கொண்டுபோனாள்.

அடுத்த வருடம் மயில்வாகனம் ஓய்வு பெற்றார். மண்டபத்தில் பெரிய பிரியாவிடை. மகளோடு இருக்கக் கனடா போகிறார் என்று சொன்னார்கள். அவர் அறையைக் காலிசெய்தபோது மூன்றாவது அத்தியாயத்தை மார்கிரட்டிடம் திருப்பிக் கொடுத்தார். முதல் ஆறு பக்கத்தில் பென்சில் குறிப்புகள் இருந்தன. “நல்லாய் வருது பிள்ளை. விடாமல் எழுதும்,” என்றார். புதிய மேற்பார்வையாளரைத் தேடி அவள் அலைந்தாள். ஒருவர் தலைப்பை மாற்றச் சொன்னார், மற்றவர் பதிலே போடவில்லை. பதிவுக் காலம் முடிந்துவிட்டது.

நிரந்தர இடமும் அதே வருடம் வந்தது. ஒன்றே ஒன்று.

இருவரும் விண்ணப்பித்தார்கள். மார்கிரட்டுக்கு நேர்முகத்துக்கு அழைப்பு வரவில்லை. ஜஹானாவுக்கு வந்தது. அதைச் சொல்லத் தெரியாமல் ஜஹானா ஒரு காலை முழுக்க மேசையின் மறுபக்கத்தில் பேனா மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தாள். கடைசியில் மார்கிரட்தான் கேட்டாள்.

“எப்ப இன்டர்வியு?”

“வார கிழம.”

“நல்ல சேலையாக் கட்டிட்டுப் போங்க. கேள்வி கேட்டதும் ஒடனே பதில் சொல்லாதீங்க. கொஞ்சம் மூச்சு விட்டுட்டுப் பேசுங்க.”

ஜஹானாவின் கண் நிறைந்தது. “அக்கா, இது உங்கட எடம்.”

“என்கிட்ட பட்டம் இல்ல ஜஹானா. உங்ககிட்ட இருக்கு. அவ்வளவுதான்.”

அன்று பின்னேரம் வீட்டில் கிறிஸ்ரிக்கு விஷயத்தைச் சொன்னபோது, அவன் வானொலியை நிறுத்தினான். பிறகு, “நீங்க அந்தப் புள்ளயோட கிளாஸ எடுக்காம இருந்திருந்தா?” என்றான்.

“அப்ப ரெண்டு பேருக்குமே இல்லாமப் போயிருக்கும்.”

“இல்ல மார்கிரட். அந்த நேரத்துல நீங்க எழுதியிருப்பீங்க.”

எழுதியிருப்பாளா என்று அவளுக்கே நிச்சயம் இல்லை. அதை நிச்சயமாகத் தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை.

ஜஹானா நிரந்தர விரிவுரையாளராகி மேல்மாடிக்குப் போனாள். மேசையின் மறுபக்கத்தில் வேறு யாரோ வந்து உட்கார்ந்தார்கள், போனார்கள். தற்காலிகமாக வருபவர்கள் ஒரு வருடம் இருந்துவிட்டு வெளிநாட்டுக்கோ பாடசாலைக்கோ போய்விடுவது வழக்கம். முதலில் ஜஹானா மதியத்தில் கீழே வந்து சாப்பிட்டாள். பிறகு கூட்டங்கள் வந்தன. பிறகு கீழே இருந்தவர்கள் அவளைக் கண்டதும் எழுந்து நிற்கத் தொடங்கினார்கள். அது இருவருக்குமே சங்கடம். மாணவர்கள் முன்னால் “ஜஹானா” என்று கூப்பிடுவது சரியில்லை என்று மார்கிரட்டுக்குத் தோன்றியது. ஒருநாள் நடைபாதையில், “மெடம், அந்த மார்க்ஸ் தாள் உங்ககிட்டயா இருக்கு?” என்று கேட்டாள். ஜஹானாவின் முகம் வாடிப்போயிற்று. ஆனால் அவளும், “ஓ, என்ட ரூம்ல ஈக்கி,” என்றுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தச் சொல் அப்படியே நிலைத்துவிட்டது.

கொரோனாக் காலத்தில் வகுப்புகள் எல்லாம் தொலைபேசிக்குள் போயின. விரிவுரையைத் திரையில் நடத்தினார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப்பேருக்கு அது வந்து சேரவில்லை. மார்கிரட் அவர்களுக்கு வட்ஸ்அப்பில் குரலிலேயே பாடத்தை அனுப்பினாள். கொப்பியில் எழுதியதைப் படம் பிடித்து அனுப்புவார்கள். நிழல் விழுந்து எழுத்து மறைந்த படங்களைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வைத்து வாசித்ததில்தான் அவளுக்குக் கண்ணாடி போட வேண்டி வந்தது. அந்தத் தவணையில் எழுத்துத் துறையில் யாரும் இடையில் விலகவில்லை என்று பீடாதிபதி கூட்டத்தில் பாராட்டினாராம். கூட்டத்தில் இருந்த ஜஹானா அது மார்கிரட்டின் வேலை என்று சொல்லியிருக்கிறாள். இதை மார்கிரட் வேறொருவர் வாயால்தான் கேட்டாள். கேட்டு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள்.

இரண்டு வருடம் கழித்து ஜஹானா துறைத்தலைவரானாள். நாடு நெருக்கடியில் இருந்த காலம். நீண்ட காலமாகத் தற்காலிகமாக இருப்பவர்களின் ஒப்பந்தத்தை இனிப் புதுப்பிக்கக்கூடாது, தேவையென்றால் புதிய பட்டதாரிகளை ஒரு வருடத்துக்கு எடுக்கலாம் என்று மேலிடத்து உத்தரவு ஒன்று சுற்றிவருவதாகக் கதை அடிபட்டது. இப்படிப் பல கதைகள் முன்பும் அடிபட்டு அடங்கியிருந்ததால் மார்கிரட் பெரிதாக எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வழியில் அவளுடைய வருடம் நீண்டுகொண்டுதான் இருந்தது.

தவணை நடுவில் மூன்று புதிய உதவி விரிவுரையாளர்கள் வந்தார்கள். தற்காலிகம்தான். அவர்களைப் பழக்கும் பொறுப்பு மார்கிரட்டுக்கு வந்தது. ஜஹானாவே தொலைபேசியில் கேட்டாள். “அக்கா, கொஞ்சம் இவங்களக் கிளாசுக்குக் கூட்டிப் போய்க் காட்டுவீங்களா? உங்களப் போல ஆரும் செய்ய மாட்டாங்க.” மெடம் என்று அழைக்கத் தொடங்கிய பிறகு இப்படி அக்கா என்று கேட்டு வந்த வேலை என்பதால் மார்கிரட் மனம் நிறைந்து ஒப்புக்கொண்டாள்.

மூவரில் றிப்தா என்ற பெண் கெட்டிக்காரி. அக்குறணையிலிருந்து வருவாள். எல்லாவற்றையும் கேட்பாள். பிள்ளை வாசிக்கும்போது ஏன் நடுவில் நிறுத்தக்கூடாது, எந்தப் பிழையை முதலில் விட்டுவிட வேண்டும், அழுகிற பிள்ளையிடம் என்ன பேசுவது. மார்கிரட் தனக்குத் தெரிந்ததை மிச்சம் வைக்காமல் சொன்னாள். ஒருநாள் வகுப்பு முடிந்து இருவரும் மழைக்கு ஒதுங்கி கன்டீன் வாசலில் நின்றபோது, றிப்தா இயல்பாகக் கேட்டாள்.

“மிஸ், அடுத்த டேர்ம் உங்கட விஞ்ஞான பீடத்துக் குறூப் எனக்குத்தான் வருது. அந்தப் புள்ளைகள் பேசவே மாட்டாங்களாமே. நீங்க போன பொறகு நான் டவுட் ஒண்டு கேட்டு கோல் எடுத்தா கோவிக்க மாட்டீங்கதானே?”

“நான் எங்க போறேன்?” என்றாள் மார்கிரட்.

றிப்தா திகைத்துப்போனாள். அவள் முகத்தைப் பார்த்ததும் மார்கிரட்டுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பெண், “இல்ல மிஸ், மெடம் சொன்ன… நான் நெனச்சேன் உங்களுக்குத் தெரியும்டு…” என்று தடுமாறினாள். மார்கிரட் அவள் தோளைத் தொட்டு, “பரவால்ல புள்ள. கோல் எடுங்க. எப்பவும் எடுக்கலாம்,” என்றாள். மழை விடும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

அதன் பிறகு மார்கிரட் மாடிப்படி ஏறினாள். ஜஹானாவின் அறையில் அப்போது யாரும் இல்லை. அவளைக் கண்டதும் ஜஹானா எழுந்தாள். மார்கிரட் உட்காரவில்லை.

“றிப்தா சொன்னாங்க.”

ஜஹானா மேசையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, நான் டீன்கிட்ட ரெண்டு தரம் போன. ரெஜிஸ்ட்ராரிட்டயும் கதச்ச. ஒரு வழியும் இல்லண்டு சொல்லிட்டாங்க. எங்கட துறைக்கு மட்டும் இல்ல, எல்லாத் துறைக்கும்…”

“தெரியும். உங்க கையில ஒண்ணும் இல்லனு தெரியும்.”

“நான் உங்களுக்குச் சொல்ல இருந்த. ஒவ்வொரு நாளும் சொல்ல இருந்த. சொல்ல ஏலாம போச்சி.”

மார்கிரட்டின் குரல் உயரவில்லை. “என்னோட எடத்துக்கு வரப்போறவங்களுக்கு என்னையே சொல்லிக்குடுக்க வச்சீங்களே ஜஹானா. கேட்டிருந்தா தெரிஞ்சேதான் சொல்லிக்குடுத்திருப்பேன். நீங்க கீழ எறங்கி வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். பதினஞ்சு படிதானே.”

ஜஹானா அழுதாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் மார்கிரட் போய் அணைத்திருப்பாள். அன்று போகவில்லை. திரும்பிப் படியிறங்கி, தன் மேசையில் காத்திருந்த ஒரு மாணவனின் கட்டுரையைக் கேட்க உட்கார்ந்தாள்.

தவணை முடியும்வரை அவள் ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் நிறுத்தவில்லை. றிப்தாவைத் தன்னோடு விஞ்ஞான பீடத்துக் குழுவுக்கு அழைத்துப்போய், “இவங்கதான் இனி உங்க மிஸ்,” என்று அறிமுகம் செய்துவைத்தாள். மண்டபத்தில் பிரியாவிடை வைப்பது நிரந்தரமாக இருந்தவர்களுக்குத்தான். கீழறையில் இருந்தவர்கள் கேக் வெட்டினார்கள். துறைத்தலைவர் கொழும்புக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். கூட்டம் உண்மையாகவே இருந்ததா என்று மார்கிரட் யாரிடமும் விசாரிக்கவில்லை.

வீட்டில் இருந்த முதல் மாதங்கள்தான் மிகக் கடினம். காலையில், பாதிரிமார் படிக்கும் பக்கத்துக் குருமடத்து மணி கேட்டதும் எழும்பிவிடுவாள். கிறிஸ்ரி வேலைக்குப் போன பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அலுமாரியை அடுக்குவாள், கலைத்து மறுபடி அடுக்குவாள். பாடசாலை நியமனத்துக்கு வயது தாண்டிவிட்டது. தனியார் பாடசாலை ஒன்றுக்குப் போனாள். ஆங்கில மொழிமூலம் கற்பிக்க முடியுமா என்று கேட்டார்கள்.

அப்படியான ஒரு நாளில் கனடாவிலிருந்து மயில்வாகனம் அழைத்தார். குரல் மெலிந்திருந்தது.

“எப்பிடி இருக்கிறீர் பிள்ளை? துறை எப்பிடி ஓடுது?”

“நான் இப்ப அங்க இல்லங்க சார்.”

“ஏன்? விட்டிட்டீரோ?” அவர் உண்மையிலேயே வருந்தினார். “ஏன் பிள்ளை அவசரப்பட்டனீர்? இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் நிரந்தரமாக்கியிருப்பினம். உம்மைப் போல ஒரு ஆள் அவையளுக்கு எங்க கிடைக்கப் போகுது?”

விளக்கிச் சொல்ல அவள் வாயெடுத்தாள். வயதான மனிதர், தூர தேசம், குளிர். “ஆமாங்க சார்,” என்றாள். “கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்.” அவருடைய உடம்பைப் பற்றி விசாரித்துவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். அன்றைக்குத்தான், மூன்றாவது அத்தியாயத்தில் பென்சில் குறிப்பு நின்றுபோன ஆறாம் பக்கத்தை நினைத்து அவளுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் யார்மேல் வைப்பதென்று தெரியவில்லை.

அந்த வருடம் முடியும் நேரத்தில் ஜஹானா அம்பிட்டியவுக்கு வந்தாள். முன்னறிவிப்பு இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அழைக்கும்வரை நின்றாள். மார்கிரட் தேத்தண்ணி போட்டாள். இருவரும் ஸனாவைப் பற்றிப் பேசினார்கள், விலைவாசியைப் பற்றிப் பேசினார்கள். பிறகு ஜஹானா வந்த விஷயத்தைச் சொன்னாள். றிப்தா மேற்படிப்புக்குப் போய்விட்டாள். மற்ற இருவரும் போய்விட்டார்கள். புதியவர்களால் குழுக்களை இழுத்துப்பிடிக்க முடியவில்லை. வருகைதரு விரிவுரையாளராக வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் மார்கிரட்டை அழைக்க அனுமதி வாங்கியிருக்கிறாள்.

“ரெண்டு மணித்தியாலம் ஒண்டுமில்லதான். ஆனா எப்படியாவது உள்ளுக்கு வந்தா, பொறகு கூட்டிக்கலாம் அக்கா.”

மார்கிரட்டுக்கு ஆசை வந்தது. அதை மறைக்க எழுந்து ஜன்னலருகே போனாள். வகுப்பு, பிள்ளைகளின் குரல், அந்தப் படபடப்பு எல்லாம் கண்முன் வந்தன. பிறகு அந்த இரண்டு மணித்தியாலம் நீட்டப்படுவதும், நீட்டப்படுமா என்று ஒவ்வொரு தவணை முடிவிலும் காத்திருப்பதும் தெரிந்தது.

“வேணாம் ஜஹானா,” என்றாள். “இனி காத்திருக்க என்னால முடியாது.”

ஜஹானா தலைகுனிந்து இருந்தாள். “என்னோட இன்னும் கோவமா?”

“கோவமாத்தான் இருந்தேன். அடுப்படியில நின்னுகிட்டுத் தெனமும் உங்களோட சண்ட புடிச்சேன். இப்ப அதுவும் இல்ல.” கொஞ்சம் நிறுத்தி, “அது இருந்தப்ப நல்லா இருந்திச்சு. நீங்களும் கூட இருந்த மாதிரி,” என்றாள்.

ஜஹானா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். போகும்போது மார்கிரட் படலைவரை வந்து வழியனுப்பினாள். சரிவில் இறங்கும்போது, “பாத்துப் போங்க, வழுக்கும்,” என்றாள். அவ்வளவுதான் அவர்களால் முடிந்தது.

இப்போது மார்கிரட் கண்டி நகரில், நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இராமையா என்ற சட்டத்தரணியின் கந்தோரில் இருக்கிறாள். காணி விஷயமாகவும் பிறப்புப் பதிவு விஷயமாகவும் வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு மனுவாக எழுதுவது அவள் வேலை. பன்விலயிலிருந்தும் வருவார்கள், நாவலப்பிட்டியிலிருந்தும் வருவார்கள். அவர்கள் சொல்வதைக் கந்தோர் பாஷையில் மாற்றி எழுத வேண்டும். பேசுகிறபடி எழுதினால் எந்தக் கந்தோரும் ஏற்காது. நியமனக் கடிதம் நிரந்தரம் என்று சொல்கிறது. அதைக் கிறிஸ்ரி கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று விளையாட்டாகக் கேட்டபோது அவளும் சிரித்தாள். வேலையில் குறை இல்லை. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்துக் காட்ட அதில் ஒன்றும் இருப்பதில்லை.

போன மாதம் வேலை முடிந்து அம்பிட்டிய பஸ்ஸுக்கு நின்றபோது ஜஹானாவைக் கண்டாள். பக்கத்தில் ஸனா. உயரமாக வளர்ந்துவிட்டாள். புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்திருப்பதாக ஜஹானா சொன்னாள். “நல்லா எழுதுறா அக்கா. கட்டுரைக்குத்தான் கூட மார்க்ஸ்.”

“அப்படியா,” என்றாள் மார்கிரட். பிள்ளையின் கன்னத்தைத் தடவினாள். ஸனாவுக்கு அவளைத் தெரியவில்லை. உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மரியாதையாகச் சிரித்தாள். வேறு என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. பஸ் வந்ததும் மார்கிரட் ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து ஜஹானாவைக் கண்டதைக் கிறிஸ்ரிக்குச் சொன்னாள்.

“என்ன பேசினாங்க?”

“ஒண்ணுமில்ல. மகள் பாஸாம்.”

குசினிக்குள் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் முன்னறையில் கிறிஸ்ரி வானொலியின் சத்தத்தைக் கூட்டுவது கேட்டது. அவள் அழுகிறாள் என்று தெரிந்தால் அவன் அப்படித்தான் செய்வான்.